கடைசிப் பெட்டியின் விளக்குக்காகக் காத்து நின்றவருக்கு

போலந்து நாட்டு மலையூர் ஒன்றின் ரயில் நிலைய வீட்டில் பிறந்து, மொன்றியல் பனியில் தலை நரைத்தவரே! புவாண்ட்-கிளேர் குளிர்களஞ்சியத்தில் பொதியும் பழுதாகாமல் பொறுமையும் பழுதாகாமல் பதினேழு ஆண்டுகள் அனுப்புகைப் பகுதியைக் கட்டிக்காத்த பெரியவரே! ஆண் பெண் என்று பாராமல் எங்கள் எல்லாரையும் ‘அண்ணை’ என்றே அழைத்து, கடைசியில் நீங்களே எங்களுக்கு ஸ்டான் அண்ணையாகிவிட்ட ஸ்தனிஸ்வாவ் யானிக் அவர்களே! வணக்கம்.

வேலையிலிருந்து விடைபெறுபவருக்கு மாலை சூட்டி, மடல் வாசித்து, அதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் இட்டுக் கையளிப்பது எங்கள் வழக்கம். அத்தகைய மடல்களில் யாரும் யாரோடும் கோபித்திருக்க மாட்டார்கள். யாரும் யாரையும் சந்தேகித்திருக்க மாட்டார்கள். வாசித்து முடிந்ததும், மடலுக்கு உரியவரே ‘இது ஆரைப் பற்றி?’ என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். உங்களுக்கு அப்படி ஒன்றைத் தர எங்களுக்கு மனமில்லை. நீங்கள் தமிழ் வாசிக்க மாட்டீர்கள்; பந்திக்குப் பந்தி கஜந்தினி பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு வருவார். ஆனால் உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கப்போவது இதுதான். அங்கே வரும் தமிழர் யாராவது இதை வாசித்தால், நடந்தது அதில் இருக்க வேண்டும். ஆகவே அருமைராசாவின் கதையை, அவருடைய சம்மதத்தோடு, எழுதுகிறோம்.

அருமைராசா இங்கு வேலைக்குச் சேர்ந்தது ஒரு நவம்பரில். பருத்தித்துறைக்காரர், ஐம்பதை நெருங்கியவர். மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் ஊரில். அவர் லாசாலில் ஒரு நிலக்கீழ் அறையில். அகதிக் கோரிக்கை போட்டிருந்தார். விசாரணை ஜனவரியில் வரவிருந்தது. அது வென்றால் குடும்பத்தைக் கூப்பிடலாம். தோற்றால் அவரே திரும்பிப் போக வேண்டும்.

முதல் நாள், வேலை தொடங்கும் வேளை. பொதியிடும் பகுதியின் பொறுப்பாளர் இந்திராதேவி அக்கா அவருக்குக் கையுறையும் குளிரங்கியும் கொடுத்து, எந்த அறைக்குள் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அருமைராசாவின் கண் வெளியே இருந்தது. அங்கே, தொப்பியும் இல்லாமல், நெடிய வெள்ளைக்காரர் ஒருவர் நின்றார். பொதியேற்றிய ட்ரக் ஒன்று புறப்பட்டது. அவர் சாரதிக்குக் கைகாட்டவில்லை. ட்ரக் திரும்பி, முதுகைக் காட்டி, வளவைக் கடக்கும்வரை அசையாமல் பார்த்து நின்றார். பிறகு, பக்கத்தில் ஒருவருமே இல்லாதபோது, மெதுவாக ஒருமுறை தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

“அக்கா, உவர் ஆர்?”

“ஸ்டான். போலந்துக்காரர். ட்ரக் அனுப்புறது அவர்தான்.”

“ஏன் தலையாட்டுறார்?”

“எனக்கென்ன தெரியும்? கழுத்து நோவாக்கும். நீர் உந்த அங்கியைப் போடும், விறைச்சுப் போவீர்.”

அருமைராசா அங்கியைப் போட்டார், விறைப்பு போகவில்லை. ஊரில் ஒரு சுற்றிவளைப்பு நாளில் அவரையும் அவருடைய அண்ணன் அல்பேட்டையும் ஊராரோடு பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் இருத்தி வைத்திருந்தார்கள். பிறகு வரிசையாக ஒரு ஜீப்புக்கு முன்னால் நடக்கச் சொன்னார்கள். ஜீப்புக்குள் தலையில் சாக்குப் போட்ட ஒருவன். கண்ணுக்கு இரண்டு ஓட்டைகள். தலையாட்டி என்று அவனைச் சொல்வோம். சாக்கு அசைந்தால் அந்த ஆளை ஏற்றுவார்கள். அல்பேட் கடந்தபோது அசைந்தது. பின்னால் போன அருமைராசாவுக்கு அசையவில்லை. அல்பேட் திரும்பி வரவில்லை. ஆண்டுகள் கழித்து, காணாமற்போனோரைக் கேட்கும் போராட்டங்களில் அண்ணனின் படத்தோடு அருமைராசா நின்றதற்காக, சிவில் உடுப்பில் ஆட்கள் அவர் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். அதுதான் அவர் புறப்பட்டு வந்த காரணம். இதில் ஒன்றையும் அப்போது அவர் எங்களில் எவருக்கும் சொல்லவில்லை.

தன் சட்டத்தரணிக்கும் சொல்லவில்லை என்பதுதான் பெரிய கேடு. “உங்கள் மனுவில் ஒன்றுமே இல்லையே, எதற்குப் பயந்து வந்தீர்கள்?” என்று அந்த அம்மா கேட்பார். அருமைராசா மொழிபெயர்ப்பாளரைப் பார்ப்பார். தமிழர்தான்; ஆனால் எந்த ஊர், ஆருடைய ஆள்? “பொதுவான பிரச்சினைதான்” என்பார். பொதுவான பிரச்சினைக்கு இங்கே எவருக்கும் இடம் கிடைப்பதில்லை என்று அந்த அம்மா ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புவார்.

அந்த முதல் நாளுக்குப் பிறகு அருமைராசாவின் கண் உங்களை விட்டு அகலவில்லை. ஒவ்வொரு ட்ரக்குக்கும் ஒரு தலையாட்டு. மாலையில் ஆட்களை ஏற்றி ஆங்க்றினோன் மெட்ரோவுக்குக் கொண்டுபோகும் ஏஜென்சி வான் புறப்பட்டால், அதற்கும் வந்து நின்று ஒரு தலையாட்டு. ஒரு திங்கட்கிழமை, எங்களோடு வானில் போய்வரும் றொசான் வேலைக்கு வரவில்லை, கைபேசியும் எடுபடவில்லை. அருமைராசாவுக்கு அது போதுமாக இருந்தது.

“வெள்ளிக்கிழமை வான் வெளிக்கிடேக்கை உவர் தலையாட்டினவர். நான் கண்டனான்” என்றார்.

வான் ஓட்டும் ஜோன்சன் சிரித்தார். “அவர் ஒவ்வொரு நாளும்தானே அண்ணை ஆட்டுறார்.”

“அப்ப ஒவ்வொரு நாளும் ஆரோ ஒருவர்.”

சிரித்த ஜோன்சனும் அடுத்த நாள் உங்களைத் திரும்பிப் பார்த்தார். சந்தேகம் எங்களுக்குப் புதிய நோயல்ல. பழைய இடத்தில் மறுபடி வலிக்கும் நோய். சாப்பாட்டு அறையில் உங்கள் மேசை தனித்தது. முட்டைக்கோவாச் சாப்பாட்டைச் சூடாக்கிக்கொண்டு நீங்கள் உள்ளே வந்தால் கதை நின்றுவிடும். “சாப்பிட்டாச்சா, அண்ணை?” என்று நீங்கள் கஷ்டப்பட்டுத் தமிழில் கேட்பீர்கள். அது உங்கள் கணக்கில் இன்னொரு குற்றமாயிற்று.

“உவன் எதுக்குத் தமிழ் படிக்கிறான்?” என்று அருமைராசா கேட்டார்.

டிசம்பரில், காற்று பனியை நிலத்திலிருந்தே வாரி வீசிய ஒரு மாலை, வான் புறப்பட்டது. பின்வரிசையில் இருந்த அருமைராசா வழக்கம்போல் திரும்பிப் பார்த்தார். நீங்கள் வாசலில் நின்றீர்கள். வான் வளவைக் கடந்தது. நீங்கள் தலையாட்டவில்லை. ஓடி வந்தீர்கள்! கையில் சிவப்பு விளக்கொன்றை வட்டமாகச் சுழற்றிக்கொண்டு, வாயைத் திறந்து கத்திக்கொண்டு, பனிக்குள் முழங்கால் புதைய ஓடி வந்தீர்கள்.

“ஓட்டு!” என்றார் அருமைராசா. “ஜோன்சன், நிப்பாட்டாதை, ஓட்டு!”

ஜோன்சன் ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் பின்னால் ஒரு கார் ஒட்டிக்கொண்டு வந்தது; அதன் விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தன. உங்கள் கார். ஜோன்சன் வலப்பக்கம் திரும்பினால் அதுவும் திரும்பிற்று. வேகத்தைக் குறைத்தால் அதுவும் குறைத்தது, முந்தவுமில்லை, விலகவுமில்லை.

“பொலிசுக்கு இடம் காட்டிக்கொண்டு வாறான்” என்றார் அருமைராசா. வானுக்குள் ஒரு அக்கா தேவாரம் முணுமுணுக்கத் தொடங்கினார். ஒருவர் தன் கைபேசியை அணைத்துச் சப்பாத்துக்குள் வைத்தார். ஏன் என்று இன்றுவரை அவராலும் சொல்ல முடியவில்லை.

ஆங்க்றினோனில் வான் நின்றது. நீங்கள் இறங்கி வந்து ஜோன்சனின் கண்ணாடியைத் தட்டி, அவரைக் கையில் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனீர்கள். வானின் பின்விளக்கு இரண்டும் எரியவில்லை. அந்தப் பனிப்புகையில், பின்னால் வரும் பார ட்ரக்குகளுக்கு அப்படி ஒரு வான் வீதியில் இருப்பதே தெரிந்திராது. வழியெல்லாம் நீங்களே எங்கள் பின்விளக்காக வந்திருக்கிறீர்கள்.

மறுநாள் சாப்பாட்டு அறையில் கஜந்தினி உங்களுக்கு எதிரே போய் உட்கார்ந்தார். அலுவலகத்தில் இருக்கும் அவருக்குத்தான் எங்களுக்குள் பிரெஞ்சு நன்றாக வரும். “ஸ்டான் அண்ணை, நீங்கள் ஏன் வாசலிலை நிக்கிறனீங்கள் எண்டு இவை கேக்கினம்” என்று தமிழில் தொடங்கி, நாக்கைக் கடித்து, பிரெஞ்சில் கேட்டார். அன்றுதான் ஸ்தாரா யோத்வா என்ற உங்கள் ஊரின் பெயரை நாங்கள் முதல்முறை கேட்டோம்.

மலைச்சரிவில் ஒரு மரக்கட்டடம். கீழே பயணிகள் அறை, அதன் நடுவே ஓடு பதித்த அடுப்பு. மேலே நீங்கள் பிறந்த வீடு. ஒற்றைத் தண்டவாளம். நாளுக்குச் சில ரயில்கள். நிலையக் கடமையில் உங்கள் அம்மா. பெண்தான் என்றாலும் நிலைய அதிபருக்குரிய சிவப்புத் தொப்பி. ரயில் வந்து போனதும் உள்ளே ஓடி அடுப்போரம் நிற்க அவருக்கு அனுமதியில்லை. கடைசிப் பெட்டியின் பின்விளக்கைத் தன் கண்ணால் கண்ட பிறகுதான் அந்த ரயில் முழுதாகப் போயிற்று என்று அர்த்தம். விளக்கு இல்லையென்றால், எங்கோ இணைப்பு அறுந்து, பின்பெட்டிகள் ஏற்றத்தில் தனியே நிற்கின்றன. அல்லது இருட்டில் பின்னோக்கி உருண்டு வருகின்றன. விளக்கைக் கண்டதும் அவர் ஜன்னலைப் பார்த்து ஒருமுறை தலையாட்டுவார். உள்ளே இருப்பவர் அதைப் பார்த்துவிட்டு அடுத்த நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்வார்: ரயில் முழுது, வழி விடலாம். பின்னாளில் அதே இடத்தில் நீங்களும் நின்றீர்கள். பாதை மூடப்பட்டு, நீங்கள் கடல் கடந்து வந்து, ஜன்னலுக்குள் இருந்தவரும் இல்லாமற்போன பிறகும் கழுத்து மட்டும் கடமையை விடவில்லை.

அருமைராசா கேட்டுக்கொண்டு நின்றார். “எல்லாரும் ஏறி இறங்கிற இடத்திலை நிக்கிற ஆளிட்டைப் பொலிசு ஒண்டும் கேக்கேல்லையோ?” என்றார். “கேளும் பிள்ளை.”

கஜந்தினி கேட்டார். நீங்கள் கரண்டியைக் கீழே வைத்தீர்கள். இராணுவச் சட்டம் இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை தோறும் ஒருவர் வந்து அடுப்படியில் உட்கார்ந்து, இந்தக் கிழமை யார் இறங்கினார்கள் என்று அம்மாவைக் கேட்பாராம். மலைக்கு அப்பால் எல்லை தாண்டிப் போகிறவர்கள், துண்டுப்பிரசுரம் கொண்டு வருகிறவர்கள் எல்லாரையும் அம்மாவுக்குத் தெரியும். “நான் ஆட்களின் முகத்தைப் பார்ப்பதில்லை. கடைசி விளக்கைத்தான் பார்க்கிறேன்” என்பாராம். பொலிசு அதை நம்பவில்லை. ஊரும் நம்பவில்லை, அம்மா காட்டிக்கொடுப்பதாகவே எண்ணியது. பயணிகள் அறையில் அடுப்பைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருப்பவர்கள் அவரைக் கண்டதும் வாயை மூடுவார்களாம். அதைச் சொல்லும்போது நீங்கள் எங்கள் மேசைப் பக்கம் பார்க்கவில்லை. அது உங்கள் மரியாதை.

இந்திராதேவி அக்காவுக்குக் கண் கலங்கிற்று. அருமைராசாவுக்கு இல்லை.

“காட்டிக்குடுக்கிறவையும் இப்பிடித்தான் சொல்லுவினம்” என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

சந்தேகமான ஆளிடம் பொய்த் தகவல் ஒன்றை விட்டுப் பார்ப்பது போர்க்காலத்துப் பழக்கம். சொன்ன இடத்துக்கு ஆமி வந்தால் ஆள் பிடிபட்டான். அருமைராசா அதைச் செய்தார். ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து உங்களிடம் வந்து, தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லில், சனிக்கிழமை காலை பெர்ரி நிலையத்தில் ரொறன்ரோ பஸ் ஏறுகிறேன், விசாரணைக்குப் போகமாட்டேன், யாருக்கும் சொல்லாதே என்று சொல்லி, உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். அவர் முடிவு இதுதான்: அதிகாரிகள் வந்தால், உங்கள் தலை ஏற்கெனவே ஆடிவிட்டது என்று அர்த்தம்; விசாரணையில் போய் நிற்பதில் பயனில்லை, வேறு வழியால் எல்லை தாண்டிப் போய்விடுவது. வராவிட்டால், நிற்பது. போகத் தயாராகப் பையையும் கட்டிக்கொண்டே வந்தார்.

சனிக்கிழமை காலை அவர் பஸ் நிலையத்துக்கு எதிரே, தெப்பனர் என்று இங்கே சொல்லும் சில்லறைக் கடையில், பால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்றார். கடைக்காரர் இரண்டு முறை ‘பொன்ஷூர்’ சொல்லிப் பார்த்தார். நீங்கள் வந்தீர்கள், தனியாக. அருமைராசா உங்களை விட்டுவிட்டு உங்களுக்குப் பின்னால் வருபவர்களைப் பார்த்தார். கறுப்புக் கோட்டில் ஒருவர் பேப்பரை விரித்துக்கொண்டு நின்றார். ஆள் இவன்தான் என்று அருமைராசா பையைத் தூக்கினார். கறுப்புக் கோட்டுக்காரர் பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

நீங்கள் வரிசை நெடுகிலும் நடந்தீர்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தீர்கள். பஸ்ஸுக்குள் ஏறி இறங்கினீர்கள். ஓட்டுநரிடம் கையால் ஒரு மனிதரின் உயரத்தைக் காட்டிக் கேட்டீர்கள். பஸ் போயிற்று. நீங்கள் போகவில்லை. பொலிசும் வரவில்லை, வேறொருவரும் வரவில்லை. கண்ணாடிக்கு இப்பால் நின்ற மனிதருக்கு, தான் பார்க்கப்படாமல் இன்னொருவரைப் பார்ப்பது அதுதான் முதல்முறை. அந்த முகத்தில் தேடுகிற கவலை ஒன்றைத்தான் கண்டதாக எங்களிடம் சொன்னார். அதன் பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் நின்றாராம். அதையும் மறைக்காமல் எழுதச் சொன்னார்.

பிறகு வீதியைக் கடந்தார். உங்கள் இருவர் பேச்சையும் எங்கள் தமிழிலேயே எழுதுகிறோம்.

“பஸ் போட்டுது” என்றீர்கள்.

“ஓம்.”

“ஒராள் குறைஞ்சு போட்டுது.”

“ஆருக்கும் சொன்னனீரோ?”

“சொல்லவேண்டாம் எண்டனீர்.”

“பேந்தென்னத்துக்கு வந்தனீர்?”

“வழியனுப்ப ஆரும் வேண்டாமோ?”

நிலையத்துக்குள் கோப்பி வாங்கி உட்கார்ந்தீர்கள். ஏன் உங்களைக் கண்டு பயந்தார் என்று அருமைராசா சொல்ல முயன்றார். அண்ணன் என்பதற்குச் சொல் இருந்தது. ஜீப்புக்கு இருந்தது. சாக்குக்கு இல்லை. அவர் டோனட் வந்த கடதாசிப் பையை எடுத்து, தூளைத் தட்டி, தன் முகத்துக்கு முன்னால் பிடித்தார். பிடித்தபடி, மெதுவாக ஒருமுறை தலையாட்டினார்.

நீங்கள் அந்தப் பையை அவர் கையிலிருந்து வாங்கி, நன்றாகக் கசக்கி, உங்கள் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டீர்கள். பிறகு கேட்டது ஒன்றே: “இதை உம்முடைய சட்டத்தரணி அறிவாரோ?”

“இல்லை.”

“எனக்குச் சொல்லிப்போட்டீர். இனி அவவுக்கும் சொல்லலாம்.”

திங்கட்கிழமை முதல் நீங்கள் வாசலில் தலையாட்டியதை எங்களில் எவரும் காணவில்லை. ட்ரக்கின் பின்விளக்கு வளைவில் மறையும்வரை முன்போலவே நின்றீர்கள். மறைந்ததும் கையை உயர்த்தினீர்கள். அறுபது வயதுக்குப் பிறகு, பிறந்த வீட்டுப் பழக்கமொன்றை ஒருவருக்காக மாற்றிக்கொண்டீர்கள். அதை நீங்கள் எவரிடமும் சொல்லவில்லை, நாங்களாகத்தான் கவனித்தோம். கவனிப்பதில் எங்களையும் யாரும் மிஞ்ச முடியாது.

றொசானைப் பற்றிச் சொல்லாவிட்டால் கணக்குத் தீராது. அவர் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மாமாவின் கடையில் சுகமாக இருக்கிறார். கைபேசி இலக்கத்தை மாற்றியவர் எங்களுக்குச் சொல்ல மறந்துவிட்டார்.

ஜனவரியில் அருமைராசா விசாரணைக்குப் போனார். முன்தினம் சட்டத்தரணியின் மேசைக்கு முன்னால், ஊர் தெரியாத அதே மொழிபெயர்ப்பாளரின் காதுபட, அல்பேட்டின் பெயரைச் சொன்னார். மறுநாள் விசாரணையிலும் சொன்னார். அவருடைய கோரிக்கை ஏற்கப்பட்டது.

எங்கள் அன்புக்குரிய ஸ்டான் அண்ணை! பனிக்கு அஞ்சாமல், பழிக்கு அஞ்சாமல், பாராமுகத்துக்கும் அஞ்சாமல் வாசலில் நின்றவரே! இந்த மடலைக் கேட்டு நாங்கள் திருந்திவிட்டோம் என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் இடத்துக்கு வரப்போகிறவரை அருமைராசா இப்போதே விசாரிக்கத் தொடங்கிவிட்டார். அவர் எந்த நாடு, ஏன் முன்பு இருந்த வேலையை விட்டார், ஏன் அடிக்கடி கைபேசியைப் பார்க்கிறார் என்றெல்லாம் கேட்டு எங்கள் உயிரை எடுக்கிறார். அவர் இயல்பு அது. எங்களுக்கும் அதில் பங்குண்டு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் விசா வந்துவிட்டது. எந்த நாள், எந்த விமானம் என்று கேட்டால் “வரேக்கை தெரியும்” என்கிறார். பாயாசம் காய்ச்சக் கேட்ட இந்திராதேவி அக்காவுக்கும் அதே பதில். விடுப்பெடுக்க வேண்டிய அலுவலகத்துக்கே இன்னும் தேதி சொல்லவில்லை. மூன்று பேர், அவர்களுடைய பெட்டிகள், எப்படிக் கூட்டி வருவீர் என்று ஜோன்சன் விடாமல் கேட்டபோதுதான் வாயிலிருந்து விழுந்தது: “கார் ஒழுங்கு. ஸ்டான் அண்ணை ஓடுறார்.”

ஆக, அந்த நாள் உங்களுக்குத் தெரியும். இந்த மண்டபத்தில் வேறு எவருக்கும் தெரியாது. நாங்களும் கேட்கப்போவதில்லை; கேட்டாலும் நீங்கள் சொல்லப்போவதில்லை.

மூட்டு நோகாமல், மூச்சு முட்டாமல், கண்ணொளி குறையாமல், உங்கள் கார் பனியில் ஒருநாளும் சறுக்காமல் நெடுங்காலம் நலமோடு வாழ்க! அந்த நாளில் விமான நிலையத்திலிருந்து லாசால் வரைக்கும் மெதுவாக ஓட்டிப் போங்கள், அண்ணை. பிள்ளைகள் பனியை முதல்முறை பார்ப்பார்கள்.

இங்ஙனம்,
உங்களோடு வேலை செய்த, உங்களை நெடுநாள் உற்றுப் பார்த்த,
குளிர்களஞ்சியத் தமிழ்ப் பணியாளர்கள்
புவாண்ட்-கிளேர், மொன்றியல்